அறுத்த கயிறும் அடியில் கிடக்கும் நங்கூரமும்

அக்கா போன் பண்ணினால் முதலில் மீன் விலை, அப்புறம் பிள்ளைகள் படிப்பு, வைக்கிற நேரத்தில்தான் விஷயம் வரும். போன மாதம் வந்த விஷயம் இது: "கடையில கெடக்க கம்ப்யூட்டர் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா பணம் கேக்குதுலே. ஞாயித்துக்கெழமை வந்தா ஒண்ணு பாத்துட்டுப் போ."

அக்காவைக் கட்டிக்கொடுத்தது திருவனந்தபுரம் பக்கம் விழிஞ்ஞத்தில். குளச்சலிலிருந்து புதுக்கடை, ஊரம்பு, பூவார் என்று பைக்கில் போய்விடலாம். அத்தானுக்கு அங்கே சின்னதாக ஒரு ஆன்லைன் கடை. எங்கள் ஊரில் ஜெராக்ஸ் கடை என்போம், அங்கே 'போட்டோஸ்டாட்'. ரேஷன் கார்டு திருத்தம், கரண்ட் பில், பிள்ளைகளின் அட்மிஷன் ஃபாரம் எல்லாவற்றுக்கும் கரையிலிருந்து ஆட்கள் அங்கேதான் வருவார்கள். கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். 2024 ஜூலையில் முதல் பெரிய கண்டெய்னர் கப்பல் 'சான் ஃபெர்னாண்டோ' வந்து கட்டியபோது ஊரே கரையில் நின்றதாக அத்தான் இன்றைக்கும் சொல்வார். அவ்வளவு பெரிய கப்பலை இழுத்துக் கட்டிய ஊரில், ஒரு லேப்டாப்பிலிருந்து ஒரு சாஃப்ட்வேரை இறக்க ஆள் இல்லாமல் போயிற்று.

உள்ளே போனதும் டாக்டருக்குப் புண்ணைக் காட்டுகிற மாதிரி அத்தான் திரையைக் காட்டினார். வலது மூலையில் சிவப்புப் பெட்டி. உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, உடனே புதுப்பியுங்கள் என்று. எந்தக் கம்பெனி ஆன்ட்டிவைரஸ் என்று சொல்லப் போவதில்லை. இந்தக் குணம் அவர்களில் பலருக்கும் பொது. செகண்ட்ஹேண்டில் வாங்கிய லேப்டாப், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த இலவச ட்ரையல், கெடு முடிந்து ஒரு வருஷம். வாடிக்கையாளர் ஓடிபி சொல்லிக்கொண்டிருக்கும்போது சரியாக அந்த எண் அடிக்க வேண்டிய கட்டத்தின் மேல் வந்து உட்காருமாம்.

"அன்இன்ஸ்டால் பண்ணிப் பாத்தீங்களா அத்தான்?"

"பண்ணினேன் அளியா. போகல்லை. பின்னே நான் ஃபோல்டரைத் தூக்கி டிலீட் செய்தேன். பகுதி போயி, பகுதி போகல்லை."

தலையில் கை வைத்தேன். இருபது வருஷம் மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்தவன் நான். வந்த கேஸ்களில் மோசமானது எது என்று கேட்டால், தானாகக் கெட்ட மெஷின் இல்லை, 'பகுதி போயி, பகுதி போகாத' மெஷின்தான்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கண்ட்ரோல் பேனலில் பெயரைத் தொட்டு அன்இன்ஸ்டால் கொடுத்தால் விண்டோஸ் அந்த சாஃப்ட்வேரை அகற்றுகிறது என்று நாம் நினைக்கிறோம். விண்டோஸுக்கு அதை அகற்றத் தெரியாது. அது வைத்திருப்பது வெறும் பெயர்ப் பட்டியல். ரெஜிஸ்ட்ரியில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன் என்று இறங்கிப் போனால் 'அன்இன்ஸ்டால்' என்றே ஒரு கிளை இருக்கும். ஒவ்வொரு சாஃப்ட்வேரும் வந்து குடியேறும்போது அங்கே தன் பெயரையும் ஒரு வரியையும் எழுதி வைக்கிறது. நான் போக வேண்டுமென்றால் இந்த ஃபைலை ஓட்டு என்பதுதான் அந்த வரி. நாம் பட்டனை அமுக்கினால் விண்டோஸ் அந்த வரியைப் படித்து அந்த ஃபைலை எழுப்பிவிடுகிறது, அவ்வளவுதான். குடியிருப்பவனிடமே போய், நீயே மூட்டை கட்டிக்கொண்டு போ என்று சொல்கிற ஏற்பாடு.

அந்த ஃபைல் எங்கே இருக்கும்? பெரும்பாலும் அத்தான் டிலீட் பண்ணிய அதே ஃபோல்டருக்குள். போகும் வழி தெரிந்த ஒரே ஆளை முதலில் தீர்த்துவிட்டார். சர்வீஸும் டிரைவரும் ஓடிக்கொண்டிருந்தபடியால் அந்த ஃபைல்களை விண்டோஸ் தொட விடவில்லை. ஆகப் போனது அன்இன்ஸ்டாலர், மிஞ்சியது சிவப்புப் பெட்டி.

சரி, டாஸ்க் மேனேஜரில் நிறுத்தலாம் என்று போனால் அனுமதி இல்லை என்றது. சர்வீஸ் பட்டியலில் ஸ்டாப் பட்டனே மங்கிக் கிடந்தது. இதற்காக ஆன்ட்டிவைரஸைத் திட்டவும் முடியாது. கம்ப்யூட்டருக்குள் நுழையும் வைரஸ் முதலில் செய்யப் பார்க்கும் வேலை காவல்காரனை அடித்துப் போடுவது. அதனால் அட்மினிஸ்ட்ரேட்டரே வந்து நிறுத்தச் சொன்னாலும் நிற்காத மாதிரி அவற்றைக் கட்டியிருக்கிறார்கள். விண்டோஸ் 8.1 முதல் இந்தப் பாதுகாப்பை விண்டோஸே அவற்றுக்குக் கொடுக்கிறது. திருடன் கேட்டாலும் வீட்டுக்காரன் கேட்டாலும் ஒரே பதில்.

நான் முதலில் செய்து பார்ப்பது எப்போதும் ஒன்றுதான்: அகற்ற வேண்டியதையே திரும்ப இன்ஸ்டால் செய்வது. அத்தான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மேலேயே போட்டால் விட்டுப்போன ஃபைல்கள் திரும்ப வந்து சேரும், அன்இன்ஸ்டாலரும் கூடவே வரும், பிறகு முறையாக வெளியேற்றலாம். பத்தில் ஆறு ஏழு தடவை இது போதும். அன்றைக்கு எனக்கு அந்த ராசி இல்லை. கம்பெனி தளத்தில் கிடைத்தது புதிய பதிப்பு. பாதி தூரம் ஓடிவிட்டு, பழைய பதிப்பு இருக்கிறது, முதலில் அதை அகற்றுங்கள் என்று நின்றுவிட்டது. அத்தான் கைகொட்டிச் சிரித்தார். கடைக்கு ரேஷன் கார்டு திருத்த வருகிறவர்களிடம் தினமும் அவர் சொல்லும் பதிலாயிற்றே அது.

அடுத்த வழி, கம்பெனியே தனியாக வைத்திருக்கும் ரிமூவல் டூல். பெயர் பெற்ற ஆன்ட்டிவைரஸ் கம்பெனிகள் அநேகமாக எல்லாமே ஒன்று வைத்திருக்கின்றன. தங்கள் சரக்கு சாதாரணமாக இறங்காது என்று அவர்களுக்கே தெரியும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். ஒன்று மட்டும்: டூலை அந்தந்தக் கம்பெனியின் தளத்திலிருந்தே எடுங்கள். தேடலில் முதலில் வந்து நிற்கும் 'எதையும் அகற்றித் தருகிறோம்' ஆட்களை நம்பிப் போனால் ஒன்றை இறக்க ஒன்றை ஏற்றிக்கொண்டு வருவீர்கள்.

டூலை சேஃப் மோடில் ஓட்டுவதுதான் பத்திரம். அங்கே அந்த ஆன்ட்டிவைரஸின் காவல் பெரும்பாலும் எழுந்திருக்காது. ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் வழி திறக்கும். இதில் இரண்டு பொறிகள் உண்டு, இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன். ஒன்று, பல கம்ப்யூட்டர்களில் தினமும் போடும் நாலு எண் பின் அங்கே செல்லாது, முழு பாஸ்வேர்ட் கேட்கும். இரண்டு, டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். கையில் அது இல்லாவிட்டால் அன்றைய கதை அங்கேயே முடிந்தது. அத்தானிடம் பிட்லாக்கர் இல்லை. பாஸ்வேர்டும் இல்லை. அதாவது ஞாபகம் இல்லை. அக்கா மகள்தான் வீட்டிலிருந்து ஓடி வந்து, "மாமா, அப்பா அத கலண்டர் பின்னாலதான் எழுதி வெச்சிருக்கு" என்று காட்டிக் கொடுத்தாள். மீனவர் மன்றக் காலண்டர், டிசம்பர் தாளுக்குப் பின்னால்.

டூல் ஓட ஆரம்பித்தது. முப்பது சதவீதத்தில் நின்று யோசித்தது. இந்த இடத்தில் பொறுமையில்லாமல் பவர் பட்டனை அமுக்கியவர்களின் மெஷின்கள்தான் எனக்குப் பல மாதம் சோறு போட்டன. "வா, சாயா குடிச்சிட்டு வரலாம்" என்று அத்தானை இழுத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகப் பக்கம் நடந்தேன்.

ஞாயிறு என்பதால் படகுகள் நிறைய கரையில். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் அத்தானுக்குப் பழக்கம். என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். ஒரு சாதனம் இறங்க மாட்டேன் என்கிறது, அத்தான் அவசரப்பட்டு அறுத்துவிட்டார் என்றேன். அவர் ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: பாரில் மாட்டின நங்கூரம் வரவில்லை என்று கயிற்றை அறுத்துவிட்டு வந்தால் வள்ளம் வந்துவிடும், நங்கூரம் அங்கேயே கிடக்கும், நாளைக்கு அதில் மாட்டிக் கிழிவது இன்னொருத்தன் வலை. கீழே உள்ள பாறையைத்தான் அந்தப் பக்கம் பார் என்பார்கள். இருபது வருஷம் வாடிக்கையாளர்களுக்கு நான் விளக்கத் திணறியதை அந்த மனிதர் நாலு கண்ணி பின்னுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

கடலில் விட்டுப்போனது என்றால் அந்தத் துறைமுகத்துக்கு வேறொரு கதையும் உண்டு. 1991-ல் சென்னை ஐஐடிக்காரர்கள் அங்கே அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி, அலையின் ஏற்ற இறக்கத்தில் காற்றை அமுக்கி டர்பைன் சுழற்றி மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றை அமைத்தார்கள். 150 கிலோவாட், இந்தியாவில் அந்த வகையில் முதல் முயற்சி. பிறகு உப்புநீரைக் குடிநீராக்கும் சோதனைக்கும் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். சோதனைகள் முடிந்து மின்சாரம் நின்ற பிறகும் அந்தக் கான்கிரீட் கூடு வருஷக்கணக்கில் தண்ணீரில் நின்றது. அத்தான் சிறு வயதில் அதன் பக்கத்தில் தூண்டில் போட்டிருக்கிறாராம். நல்ல மீன் கிடைக்கும் என்றார்.

திரும்பி வந்தால் டூல் முடிந்து, கம்ப்யூட்டர் சாதாரணமாக எழுந்து நின்றது. சிவப்புப் பெட்டி இல்லை. அத்தான் என் முதுகில் ஒன்று போட்டார். பிறகு பிரவுசரைத் திறந்தார். இன்டர்நெட் இல்லை.

வலைக்காரர் சொன்னது அப்படியே. ஆன்ட்டிவைரஸ்கள் நெட்வொர்க் பாதையில் நடுவில் ஒரு ஃபில்டரைச் சொருகி வைக்கும். போகிற வருகிற எல்லாம் அதன் வழியாகத்தான். ஃபில்டரின் ஃபைல் போய், இதன் வழியாகப் போ என்கிற குறிப்பு மட்டும் மிஞ்சினால் பாதை நடுவில் அறுந்துவிடும். அத்தான் டிலீட் செய்ததில் அந்த ஃபைலும் போயிருக்கிறது, டூலும் குறிப்பைக் கவனிக்கவில்லை. அடாப்டரின் பிராபர்ட்டீஸைத் திறந்து பார்த்தேன். அனாதையாக அந்தக் கம்பெனி பெயரில் ஒரு வரி. அதை எடுத்து, நெட்வொர்க்கை ரீசெட் செய்து, திரும்ப ஒரு ரீஸ்டார்ட். வந்தது.

இதே கூத்து உலகப் புகழ் பெற்றதும் உண்டு. 2005-ல் சோனி பிஎம்ஜி விற்ற சில பாட்டு சிடிகளைக் கம்ப்யூட்டரில் போட்டால், காப்பி எடுப்பதைத் தடுக்க எக்ஸ்சிபி என்ற சாஃப்ட்வேர் கூடவே ஏறிக்கொள்ளும். பிரிட்டனின் ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்ற கம்பெனி எழுதியது. ஏறியது தெரியாது, ஏனென்றால் குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்த ஃபைலையும் விண்டோஸின் கண்ணிலிருந்தே அது மறைத்துவிடும். அன்இன்ஸ்டால் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் அதைக் கண்டுபிடித்து அக்டோபர் 31 அன்று எழுதினார். கையாலேயே பிடுங்கிப் பார்த்தவர் அவர். பிடுங்கினார், சிடி டிரைவ் காணாமல் போயிற்று! டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் ஃபில்டராகச் சொருகியிருந்தது அது. கம்ப்யூட்டரின் உள்ளும் புறமும் கரைத்துக் குடித்த மனிதருக்கே அந்தக் கதி என்றால் அத்தானை நான் என்ன சொல்ல. பிறகு சோனி தரப்பில் ஒரு அன்இன்ஸ்டாலர் கொடுத்தார்கள். அதை ஓட்டியவர்களின் கம்ப்யூட்டரில் எந்த வெப்சைட்டும் புகுந்து வேலை செய்யும் ஓட்டை விழுகிறது என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட் ஃபெல்டனும் ஹால்டர்மேனும் காட்டினார்கள். கடைசியில் சிடிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. லெனோவோ லேப்டாப்களில் வந்து 2015-ல் அம்பலமான சூப்பர்ஃபிஷும் இதே சாதி. புரோகிராமை அகற்றினாலும் அது வைத்த பாதுகாப்புச் சான்றிதழ் உள்ளேயே இருந்தது, ஆபத்தே அந்தச் சான்றிதழில்தான். அதைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

இவ்வளவையும் நான் வீராவேசமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒன்பதாம் வகுப்பு அக்கா மகள் குறுக்கே வந்தாள். "எங்க ஸ்கூல்ல இது ஒரே வரிதானே மாமா?" கேரளப் பள்ளிகளில் பல வருஷமாக லினக்ஸ்தான். கைட் என்ற அரசு அமைப்பே தங்கள் பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது. 2001-ல் சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியாவின் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்ததும் இதே திருவனந்தபுரத்தில்தான். அவள் சொன்னது பாதி உண்மை. லினக்ஸில் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் எந்தெந்த ஃபைலை எங்கெங்கே வைத்தது என்ற கணக்கை சிஸ்டமே வைத்துக்கொள்கிறது. குடியிருப்பவனை நம்புவதில்லை, வீட்டுக்காரன் கையில் பட்டியல். 'ரிமூவ்' என்றால் செட்டிங் ஃபைல்களை விட்டுவிட்டு மற்றதை எடுக்கும், 'பர்ஜ்' என்றால் அதையும் துடைக்கும். மீதிப் பாதி உண்மையை அவளுக்குச் சொல்லவில்லை. அகற்றும்போது ஓட வேண்டிய சின்ன ஸ்கிரிப்ட் உடைந்திருந்தால் அங்கேயும் பாக்கேஜ் பாதியில் மாட்டிக்கொள்ளும், போகவும் போகாது, இருக்கவும் இருக்காது. கல்லூரிக்குப் போகட்டும், தானே பட்டுத் தெரிந்துகொள்வாள்.

அதே லேப்டாப்பில் இரண்டாவது நோயாளி ஒரு பழைய பிரிண்டரின் சாஃப்ட்வேர். பிரிண்டர் எடைக்குப் போய் ரெண்டு வருஷம், சாஃப்ட்வேர் மட்டும் தினமும் எழுந்து அதைத் தேடிக்கொண்டிருந்தது. அகற்றப் போனால், இன்ஸ்டால் செய்த மூலம் கிடைக்கவில்லை, அந்த எம்எஸ்ஐ ஃபைலைக் காட்டு என்று கேட்டது. இது வேறு வகை. விண்டோஸின் சொந்த இன்ஸ்டால் முறையான எம்எஸ்ஐ வழியாக ஏறும் சாஃப்ட்வேர்களின் இன்ஸ்டால் ஃபைலின் பிரதியை விண்டோஸ், தன் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்ற மறைவான இடத்தில் எடுத்து வைத்திருக்கும். அகற்றுவதற்கும் அதைத்தான் படிக்கும். சில மெஷின்களில் அந்த ஃபோல்டர் பல ஜிபி வரை வீங்கிவிடும். லேப்டாப்பை விற்ற புண்ணியவான் இடம் காலி செய்கிறேன் என்று அதைத் துடைத்திருக்கிறார். யூடியூபில் இந்த யோசனை சொல்கிறவர்களைக் கண்டால் தயவுசெய்து வேறு வீடியோவுக்குப் போங்கள். மைக்ரோசாஃப்ட் முன்பு இதற்கென்று ஒரு கிளீனப் டூல் வைத்திருந்தது, மற்றவற்றையும் கெடுக்கிறது என்று 2010-ல் திரும்ப வாங்கிக்கொண்டது. இப்போது 'இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் ட்ரபிள்ஷூட்டர்' என்று ஒன்று உண்டு, பட்டியலில் மாட்டிக்கொண்ட பதிவுகளைக் கழற்றிவிடும். ஃபைல்களை நாமே பிறகு பெருக்க வேண்டும். அதுவே போதுமாக இருந்தது. இதை சேஃப் மோடில் செய்யப் பார்க்காதீர்கள், எம்எஸ்ஐ சர்வீஸ் அங்கே சாதாரணமாக ஓடாது.

ரெவோ, கீக், பல்க் க்ராப் மாதிரி அன்இன்ஸ்டாலர்களைப் பற்றிக் கேட்பீர்கள். நல்லவைதான். முதலில் சாஃப்ட்வேரின் சொந்த அன்இன்ஸ்டாலரை ஓட்டிவிட்டு, மிச்சத்தைத் தேடிக் காட்டும். காட்டியதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'செலக்ட் ஆல்' கொடுக்காதீர்கள், பட்டியலை வாசியுங்கள். தொடங்கும் முன் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று வைத்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் வேறு ஜாதி, அவற்றை நான் என் மெஷினில் ஏற்றுவதே இல்லை. அகற்ற அகற்றத் திரும்ப முளைக்கிறது, நீங்கள் ஏற்றவே இல்லை என்றால் அது பிடிவாதம் பிடித்த சாஃப்ட்வேர் இல்லை, வைரஸாக இருக்கலாம். அதற்கு மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவச டூல்கள் கிடைக்கின்றன.

சாயங்காலம் மரச்சீனியும் மீன் கறியும் சாப்பிடும்போது அத்தான் தன் போனை நீட்டினார். "இதில உள்ளதும் போகுமோ?" விரல் வைத்தால் 'டிசேபிள்' மட்டும் வரும் ஆப்கள் பத்துப் பதினைந்து. நியாயமான கேள்வி. இந்தியாவில் கோர்ட்டு வரைக்கும் போன கேள்வியும்கூட. 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டபோது, போனில் ஏற்கெனவே போட்டு வரும் கூகுள் ஆப்களை ஆட்கள் அகற்ற விரும்பினால் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அகற்றுவது பற்றிய அந்த ஒரு கட்டளை உட்பட நான்கை எடுத்துவிட்டது. 2025 கடைசியில் அரசாங்கமே சஞ்சார் சாத்தி ஆப்பைப் புதுப் போன்களில் எல்லாம் போட்டே விற்க வேண்டும், முடக்க வழி இருக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்குச் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே, டிசம்பர் 3-ல், கட்டாயத்தை வாபஸ் வாங்கினார்கள். திருட்டுப் போன போனைக் கண்டுபிடிக்க உதவும் நல்ல ஆப்தான் அது. ஆனால் என் வீட்டுக்கு வருகிற விருந்தாளி நல்லவர் என்பதற்காகக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைப்பேனா? கேபிள் போட்டு, கம்ப்யூட்டரிலிருந்து ஏடிபி என்ற ஆண்ட்ராய்டு டூல் வழியாக நாலைந்தை அத்தானின் கணக்கிலிருந்து மட்டும் எடுத்துக் கொடுத்தேன். மூலப் பிரதி போனுக்குள்தான் இருக்கும், ரீசெட் பண்ணினால் திரும்ப வரும் என்று சொல்லித்தான் செய்தேன்.

கிளம்பும் முன் லேப்டாப்பைக் கடைசியாக ஒரு தரம் பார்த்தேன். புரோகிராம் ஃபைல்ஸில் அந்த ஆன்ட்டிவைரஸ் பெயரில் ஒரு ஃபோல்டர் இன்னும் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, 0 பைட். டிலீட் கொடுத்தால் அனுமதி இல்லை என்றது. உரிமையை மாற்றி, அரை மணி நேரம் மல்லுக்கட்டினால் எடுத்துவிடலாம். ஊரம்பு தாண்டி இருட்டில் பைக் ஓட்ட எனக்கு இப்போது கண் பத்தாது.

"அது கெடக்கட்டா அளியா?" என்றார் அத்தான்.

"கெடக்கட்டும் அத்தான். யாரு வலையிலயும் மாட்டாது."

அக்கா டப்பாவில் நெத்திலி வறுத்து வைத்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.